முட்டை வராத காய்ச்சல்

மதுரையில் ஓர் ஆய்வகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அத்தனை ஆண்டுகளில் மனித மலத்தில் கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டையை ஒரே ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். அது பொய் முட்டை. அந்தப் புழு உண்மையாகவே கல்லீரலுக்குள் புகுந்திருந்த நோயாளியைப் பணி ஓய்வுக்குப் பிறகு என் குடும்பத்திலேயே பார்த்தேன். அவருடைய மலத்தில் கடைசிவரை ஒரு முட்டைகூட வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்று சில காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாவது 1996-ஆம் ஆண்டு நடந்தது. மலப் பரிசோதனைக்கான மாதிரியைத் தீப்பெட்டியில் கொண்டுவரும் வழக்கம் அப்போது முற்றாக ஒழிந்திருக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, வயிற்றுப் பொருமல் என்று வந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் மாதிரியை உப்புநீர்ச் சொட்டில் கரைத்து, மேலே கண்ணாடிச் சில்லை மூடி, குறைந்த உருப்பெருக்கத்தில் வரிசை வரிசையாக ஓட்டிக்கொண்டு போனபோது, வட்டத்தின் ஓரத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய நீள்வட்டம் வந்து நின்றது. நாள்தோறும் பார்த்துப் பழகிய கொக்கிப்புழு முட்டை ஏறத்தாழ 60 மைக்ரான் நீளம் இருக்கும். இது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு முனையில், பானைக்கு மூடி வைத்ததுபோல, மெல்லிய கோடு ஒன்று வளைந்து ஓடியது. சில்லைப் பென்சில் முனையால் லேசாகத் தட்டினேன். முட்டை புரண்டது, மூடி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒன்றை நேரில் கண்ட பூரிப்பில், பக்கத்து மேசைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அறிக்கையிலும் எழுதிவிட்டேன்.

எங்களுக்கு ஒட்டுண்ணியியல் கற்பித்த அம்மையார் வந்து ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார். முட்டையின் அளவைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை அவர் என்ன சாப்பிட்டாருன்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, முந்தின நாள் மதியம் இரண்டு தட்டு ஆட்டு ஈரல் வறுவல் சாப்பிட்டதாகச் சொன்னார். ஒரு வாரம் ஈரலைத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பி, அதற்குப் பிறகு வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகளை வாங்கிப் பார்த்தோம். மூன்றிலும் ஒன்றுமில்லை. ஆட்டின் பித்தநாளங்களில் குடியிருந்த புழு இட்ட முட்டைகள், வறுபட்டுச் செத்த பிறகும் ஓடு கெடாமல், அவருடைய குடல் வழியாகப் பயணம் செய்து என் கண்ணாடியில் வந்து நின்றிருக்கின்றன. அறிக்கையைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினேன். அப்படி ஈரலோடு சேர்த்து விழுங்கிய முட்டையால் யாருக்கும் இந்த நோய் வராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்மேல் கோபப்படக் கூடாது என்பதற்காக. அந்த முட்டை மனிதனுக்குள் புழுவாக வேண்டுமானால் முதலில் தண்ணீருக்குப் போயாக வேண்டும்.

தண்ணீருக்குப் போகிற வழி நம் ஊர்ப்பக்கத்து மனிதர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழிதான். அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிறோம். மாடுகள் கண்மாய்க் கரையில் மேய்ந்துவிட்டு அதிலேயே இறங்கித் தண்ணீர் குடிக்கின்றன. புழுக்கையோடும் சாணத்தோடும் வெளியேறும் முட்டை காய்ந்துபோனால் அத்தோடு முடிந்தது. ஈரத்தில் விழுந்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மூடி திறந்து, மயிரிழைகளால் நீந்தும் ஒரு சின்னஞ்சிறு உயிர் வெளியே வருகிறது. அதற்கு ஒரு நாள் ஆயுள்கூட நிச்சயமில்லை. அதற்குள் லிம்னியா வகை நன்னீர் நத்தை ஒன்றைக் கண்டு துளைத்து உள்ளே போய்விட வேண்டும். போய்விட்டால், நத்தைக்குள் சில வாரங்களில் ஒன்று பல நூறாகப் பெருகி, வாலோடு வெளியே நீந்தி, நீரோரச் செடிகளின் தண்டிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு, வாலை உதிர்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கூடு கட்டி அமர்ந்துகொள்கிறது. அந்தச் செடியைப் பச்சையாகத் தின்பது ஆடாக இருந்தாலும் ஆளாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். இந்தச் சுற்று முழுவதையும் ஜெர்மனியில் லியூக்கார்ட்டும் இங்கிலாந்தில் தாமஸும் 1880-களின் தொடக்கத்தில் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். குளிர்ப் பகுதிகளில் இருப்பது ஃபேசியோலா ஹெப்பாட்டிக்கா. நம் சமவெளிக் கால்நடைகளில் பெரும்பாலும் இருப்பது அதைவிட நீளமான ஃபேசியோலா ஜைஜாண்டிகா.

இரண்டாவது கதை என் மதினியுடையது. அண்ணன் குடும்பம் மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் ஒருபோகம் விளையும் ஊரில் இருக்கிறது. 2023 ஜனவரியில், பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, மதினிக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பாடு இறங்கவில்லை, இரவில் உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரிப்பு. உள்ளூரில் டைபாய்டு என்று ஊசி போட்டிருந்தார்கள். குறையாமற்போகவே மதுரைக்குக் கூட்டி வந்து ஒரு மருத்துவமனையில் காட்டினார்கள். ரத்த அறிக்கையில் மொத்த வெள்ளணுக்கள் 15,200. அதில் ஈசினோபில் மட்டும் நூற்றுக்கு 54. கணக்குப் போட்டால் எட்டாயிரத்துக்கும் மேல். இயல்பான ஆளுக்கு அது 500-ஐத் தாண்டாது.

ஈசினோபில் ஏறியிருக்கிறது என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது சளி, இளைப்பு, யானைக்கால் புழுவின் ஒவ்வாமை. அதற்கான மாத்திரையை மூன்று வாரத்துக்கு எழுதினார்கள்; பூச்சி மருந்தாக அல்பெண்டசோலும் கொடுத்தார்கள். அப்படி நினைத்ததைக் குறையென்று சொல்ல மாட்டேன், நூற்றில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரியாக இருக்கும். ஆனால் மதினிக்கு இருமல் இல்லை. வலி வேறு இடத்தில் இருந்தது. ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் எடுத்த சி.டி. படத்தில் கல்லீரலின் வலப்புறம், உறையை ஒட்டி, சிறிய கருந்திட்டுகள் கொத்தாகத் தெரிந்தன. 'வேறிடத்திலிருந்து பரவிய புற்றுக்கட்டிகளாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வரியை அண்ணன் என்னிடம் படித்துக் காட்டும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. வயிற்றையும் குடலையும் குழாய் விட்டுப் பார்த்து மூலக்கட்டியைத் தேடும் வேலை தொடங்கியது. எதுவும் அகப்படவில்லை.

அதன் பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்த மருத்துவர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஊசி வழியாகக் கல்லீரலிலிருந்து துணுக்கு எடுப்பதற்கு முன்னால் இன்னொரு சி.டி. எடுக்கச் சொன்னார். பழைய படத்துக்கும் புதியதற்கும் இடையில் மூன்று வாரம் கடந்திருந்தது. இரண்டு படங்களையும் ஒளிப்பலகையில் அடுத்தடுத்து மாட்டி, கதிரியக்க மருத்துவரும் அவரும் நெடுநேரம் நின்று பார்த்தார்கள். உறையோரத்தில் இருந்த திட்டுகளில் சில மங்கிப்போயிருந்தன. முன்பு ஒன்றுமில்லாத உட்பகுதியில் புதிய திட்டுகள் வந்திருந்தன. அவற்றை இணைத்து, மரக்கட்டையில் வண்டு குடைந்த பாதைபோல, வளைந்து நெளிந்த கோடுகள் தெரிந்தன. "கேன்சர் பெருசாகும், கூடும். இப்படி இடம் மாறி நடந்து போகாது," என்று மருத்துவர் சொன்னார்.

செடியோடு விழுங்கப்பட்ட கூடு சிறுகுடலில் உடைந்ததும், குஞ்சுப் புழு குடல் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் இறங்கி, கல்லீரலின் உறையை வெளியிலிருந்து குடைந்து உள்ளே நுழைகிறது. குடலிலிருந்து பித்தக் குழாய் வழியாக நேரே ஏறிப்போகலாமே என்று தோன்றும். அந்த நேர்வழியை அது எடுப்பதில்லை. நுழைந்தபின் ஆறு, ஏழு வாரங்கள் ஈரல் திசுவைத் தின்றுகொண்டே பித்தநாளத்தைத் தேடி அலைகிறது. காய்ச்சலும் வலியும் தடிப்பும் ஈசினோபில் ஏற்றமும் அந்த அலைச்சலின் காலத்துக்குரியவை. பித்தநாளத்தை அடைந்து, முதிர்ந்து, முட்டையிடத் தொடங்குவதற்குள் விழுங்கிய நாளிலிருந்து மூன்று, நான்கு மாதங்கள் ஆகிவிடும். அதாவது நோயாளி மிக மோசமாகக் கிடக்கும் நாள்களில் மலத்தில் தேடுவதற்கு எதுவுமே இருக்காது. முட்டை வரத் தொடங்கும் நாள்களில் காய்ச்சல் பெரும்பாலும் ஓய்ந்து, ஆள் எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார். அதன் பிறகு புழு பத்தாண்டுகள்வரைகூட அங்கேயே இருக்கும்; எப்போதாவது பித்தநாளம் அடைத்து மஞ்சள்காமாலை வந்து, பித்தக்கல் என்று நினைத்து உள்நோக்கிக் குழாய் விட்ட மருத்துவர், கல்லுக்குப் பதிலாக வேப்பிலை போலத் தட்டையாக நெளியும் ஒன்றை வெளியே இழுப்பதும் உண்டு. அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக்குள் நிழல் விழாமல் தானாக அசையும் பொருள் தெரிந்தால், அது கல் அல்ல.

முப்பத்து மூன்று ஆண்டுகள் முட்டையை நம்பியே பிழைத்த எனக்கு இது புத்தக அறிவாகத் தெரிந்ததுதான். ஆனால் மதினி படுக்கையில் கிடந்தபோது நான் செய்த முதல் காரியம், பழைய நண்பரின் ஆய்வகத்துக்குப் போய் அவருடைய மாதிரியை மூன்று நாள் தொடர்ந்து பார்த்ததுதான். அதிலும் முதல் நாள் பழக்கதோஷத்தில் அடர் உப்புக் கரைசலில் போட்டு முட்டைகள் மேலே மிதந்து வரட்டும் என்று காத்திருந்தேன். கொக்கிப்புழு முட்டை அப்படி மிதக்கும். மூடியுள்ள, கனமான தட்டைப்புழு முட்டை மிதக்காது, அடியில் தங்கும். அதைத் தேட மாதிரியைக் கரைத்து, வடிகட்டி, கூம்புக் குவளையில் படியவிட்டு, மேல்நீரை ஊற்றிவிட்டு, அடி வண்டலைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு நாளும் அப்படியே செய்தேன். ஒன்றுமில்லை என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, மதினியிடம் திரும்பி, 1996-இல் அந்த அம்மையார் கேட்ட கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டார்: "தீபாவளிக்கு முன்னப் பின்ன, பச்சையா ஏதாவது கீரை, தழை, கிழங்கு சாப்பிட்டீங்களாம்மா?"

மதினி முதலில் இல்லை என்றார். கீரையை யார் பச்சையாகத் தின்பார்கள் என்று சிரித்தார். பிறகு தானாகவே, "சாறு குடிச்சேன், அது கணக்கா?" என்றார். ஐப்பசியில் உடம்பு சோர்வாக இருக்கிறதென்று, யாரோ சொன்னதைக் கேட்டு, வாய்க்கால் ஓரத்தில் மண்டிக் கிடந்த கரிசலாங்கண்ணியைப் பறித்து, அலசி, அம்மியில் அரைத்துப் பிழிந்து, ஒரு மண்டலம் வெறும் வயிற்றில் குடித்திருக்கிறார். ரத்தம் ஊறும், ஈரலுக்கு நல்லது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாய்க்காலுக்கு மேலே உள்ள வயலில் ஆண்டுதோறும் கிடை போடுவார்கள் என்பது அண்ணனுக்குத் தெரியும். அந்தச் சாற்றில்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. ஆனால் ஐப்பசியில் குடித்ததற்கும் மார்கழியில் வந்த காய்ச்சலுக்கும் இடைப்பட்ட காலம் புழுவின் அலைச்சல் கணக்கோடு பொருந்தியது. கரிசலாங்கண்ணியின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொல்லையில் தொட்டியில் வளர்த்ததாக இருந்தாலோ, கொதிக்க வைத்ததாக இருந்தாலோ ஒன்றும் நேர்ந்திருக்காது. ஒட்டிய கூட்டைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது நீக்காது. கொதி மட்டுமே கொல்லும்.

முட்டை இல்லாத நிலையில் அடுத்த சாட்சி ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள். விழுங்கி இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அது உருவாகிவிடும் என்பதால் முட்டையை முந்திக்கொள்கிறது. எலைசா சோதனைக்கு மதினியின் ரத்தநீர் வெளியூருக்குப் போய், ஒன்பது நாள் கழித்து 'உண்டு' என்ற விடை வந்தது. வேறு சில புழுக்களுக்கும் இந்தச் சோதனை தப்பாகத் தலையாட்டும். ஆகவே தனியாக அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சாறு, ஈசினோபில், நடந்து போகும் திட்டுகள், எதிர்ப்பொருள் என்று நான்கும் ஒரே பக்கம் நின்றதால் துணுக்கு எடுக்கும் ஏற்பாட்டை மருத்துவர் கைவிட்டார்.

மருந்து விஷயத்தில் நான் வாய் திறந்து ஒரு தவறு செய்தேன். தட்டைப்புழு என்றால் பிரசிகுவான்டெல் என்று படித்த நினைவில், அதை எழுதலாமே என்று மருத்துவரிடம் சொன்னேன். தட்டைப்புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது சரிதான். மீன் வழியாக வரும் வேறு கல்லீரல் தட்டைப்புழுக்கள் இருக்கின்றன. அவற்றில் சீனத் தட்டைப்புழு எனப்படும் குளோனார்க்கிஸை முதன்முதலில் கண்டது நம் நாட்டில்தான், 1874-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இறந்துபோன சீனத் தச்சர் ஒருவரின் பித்தநாளங்களில், மெக்கானல் என்ற மருத்துவர். அதற்கும், வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை மீன் உண்பவர்களைப் பீடிக்கும் ஒபிஸ்தார்க்கிஸுக்கும் பிரசிகுவான்டெல் நன்றாக வேலை செய்கிறது. இந்த இரண்டு புழுவும் பித்தநாளப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்திருக்கிறது. கண்மாய் மீனைப் புளி ஊற்றிக் குழையக் கொதிக்க வைக்கும் நம் ஊர்க் குழம்பில் அவை பிழைக்க வழியில்லை. ஆனால் ஃபேசியோலாவை மட்டும் பிரசிகுவான்டெல் அசைப்பதில்லை. மருத்துவர் இதைக் கடிந்துகொள்ளாமல், பாடம் எடுப்பதுபோல, சொன்னார். மதினிக்கு வேண்டியது ட்ரைகிளாபெண்டசோல்.

அது அடிப்படையில் ஆடு மாடுகளுக்காக 1980-களில் வந்த மருந்து. முதிர்ந்த புழுவை மட்டுமல்லாமல் ஈரலுக்குள் அலையும் குஞ்சுப் புழுவையும் கொல்லும் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு. மதினியின் நிலைக்கு அதுதான் தேவை. உலக அளவில் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோவார்ட்டிஸ் இலவசமாகத் தரும் மாத்திரைகளை அந்த நிறுவனம் கேட்கும் அரசுகளுக்கு அனுப்பி வருகிறது. அமெரிக்காவில் மனிதப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்ததே 2019-இல்தான். மதுரையில் நாங்கள் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் மனிதருக்கான மாத்திரை இல்லை. கால்நடை மருந்துக் கடையில் அதே பெயரில் குப்பியும் பெரிய மாத்திரையும் இருந்தன. அண்ணன் அதை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். "மருந்து ஒண்ணுதானே, எடைக்குத் தகுந்த மாதிரி உடைச்சுக் குடுத்தா என்ன?" என்று அவர் கேட்டதில் தர்க்கம் இல்லாமலில்லை; மூன்று மாதம் மனைவியின் வலியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்கும் கேள்வி அது. மருத்துவர் மறுத்துவிட்டார். மருந்தின் பெயர் ஒன்றானாலும், அதனுடன் கலந்திருக்கும் மற்றவையும் தயாரிப்பின் தரமும் மாட்டுக்கென்று வகுத்தவை, அளவு பிசகினால் பொறுப்பேற்க ஆளில்லை என்றார். பெரிய மருத்துவமனை ஒன்றின் வழியாக முறைப்படி விண்ணப்பித்து, மாத்திரை கைக்கு வர மேலும் மூன்று வாரம் ஆனது. அந்தக் குப்பி அண்ணன் வீட்டு மாடத்தில் திறக்கப்படாமல் இருந்து, பிறகு அவருடைய ஆடுகளுக்கே பயன்பட்டது.

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிட்டது. கிலோவுக்கு 10 மி.கி. என்பது கணக்கு. மதினியின் எடை அப்போது 50 கிலோ, 250 மி.கி. மாத்திரை இரண்டு, காலை இட்லியோடு. பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரவுச் சாப்பாட்டோடு மறுபடி இரண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் போதிய அளவு ஏறாது என்பதால் சாப்பிடும்போதே கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்து எங்களைக் கலவரப்படுத்திவிட்டு, மறுநாளே அடங்கியது. சாகும் புழுவைச் சுற்றி உடம்பு காட்டும் எதிர்ப்பு என்றார்கள்.

எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்திலேயே நிற்கும் என்பதால், குணமாகிறதா என்று பார்க்க அது உதவாது. ஈசினோபிலைத்தான் எண்ணினோம்: இரண்டு மாதத்தில் 900, நான்காம் மாதத்தில் 380. சி.டி. படத்தில் அந்த வண்டுப் பாதைகள் மெல்ல மங்கின. காய்ச்சல் முதல் வாரத்திலேயே போய்விட்டது. பசி திரும்ப ஒரு மாதம் பிடித்தது.

இருந்தாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தப்பிப் பிழைத்த புழு ஒன்றேனும் முட்டையிடத் தொடங்கினால் தெரிந்துவிடட்டும் என்று, நான்காம் மாதமும் ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் நண்பரின் ஆய்வகத்தில் வண்டலைப் படியவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் மூன்று நாள் முன்கூட்டியே ஈரல் சாப்பிட வேண்டாம் என்று மதினியிடம் சொல்லிவிடுவேன். கோழிக்கூண்டைப் பார்த்துக் கேட்பதுபோல, "இன்னைக்காவது முட்டை இருந்துச்சா தம்பி?" என்று அவர் தொலைபேசியில் கேட்பார்.

ஆறாம் மாதம் இருந்தது. 60 மைக்ரான், மெல்லிய ஓடு, உள்ளே நான்காகப் பிரிந்த உயிரணுக்கள்: வயலில் வெறுங்காலோடு களை பறிக்கிறவர்களுக்கு வரும் சாதாரணக் கொக்கிப்புழு. அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே மாத்திரை, எந்தக் கடையிலும் கிடைக்கும். வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.